ஆடி அமாவாசைக்குக் கடலைக் காணவில்லை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். அவசரத்தில் ஒருமுறை தடுக்கி விழுந்த மடையன் அல்ல. பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்து, வேலையில் விடுமுறை எடுத்து, கொலோனிலிருந்து மூன்று ரயில் மாறி, கடைசியில் ஒரு கப்பலும் ஏறிப் போய், ஆற அமர மடைத்தனம் செய்தவன். பருத்தித்துறையில் கடல்காற்றுக் குடித்து வளர்ந்த ஐம்பத்தாறு வயது மனிதன், தங்கியிருந்த அறையின் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ, கடலைக் காணேல்லை!" என்று தன்பாட்டில் கத்தினால் அவனை வேறு என்னவென்று சொல்வது?

உண்மையிலேயே காணவில்லை. முதல்நாள் மத்தியானம் நான் வந்திறங்கியபோது கடல் இருந்தது. நல்ல சாம்பல் நிறக் கடல், தீவின் ஓரத்தில் அடுக்கிய கற்களில் சளார் சளார் என்று அடித்துக்கொண்டு, ஒரு கடலுக்கு உரிய மரியாதையோடு இருந்தது. காலமை ஆறரைக்குப் பார்த்தால் அந்த இடத்தில் சேறு. கண் எட்டிய மட்டும் பளபளவென்று சேறு. கப்பல் வந்த வழியில் பறவைகள் நடந்து திரிந்தன. துறையில் கட்டியிருந்த ஒரு சின்னப் படகு, விருந்துச் சாப்பாடு முடிந்த மாமனாரைப் போல ஒருபக்கமாகச் சரிந்து படுத்திருந்தது. யாரோ பாயைச் சுருட்டுவதுபோலக் கடலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வேறொரு நாளென்றால் சிரித்திருப்பேன். அன்று ஆடி அமாவாசை. அப்பா போனபின் வந்த முதல் ஆடி அமாவாசை.

எங்கள் பக்கத்தில் தகப்பன் இல்லாதவர்கள் அன்றைக்கு விரதம் இருந்து, கடலில் முழுகி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, அதன்பிறகுதான் வாயில் ஏதும் வைப்பார்கள். கொலோனில் இருப்பவர்களுக்கு இதிலொன்றும் சிக்கல் இல்லை. கோயில் மண்டபத்தில் ஐயர் வரிசையாகப் பிளாஸ்ரிக் வாளிகளை வைத்து எல்லாரையும் ஒரே மூச்சில் கரைசேர்த்துவிடுவார். ஆறுதான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் ரைன் நதிக்கரைக்குப் போவார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. வாளிக்குள் கைவிட்டு அப்பாவைக் கூப்பிட எனக்கு ஏலாது என்று சொன்னேன். ரைனில் கரி ஏற்றிய கப்பல் போகுது, அதற்குப் பக்கத்தில் நின்று அப்பாவுக்குத் தண்ணி விட ஏலாது என்றும் சொன்னேன். என் மனைவி சுகந்தி வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

"ரைனிலை விட்டால் குடிக்கமாட்டன் எண்டு மாமா சொன்னவரோ?"

"கடல்தான் முறை."

"முறை தெரிஞ்ச மனுசன்தான், போன மார்கழியிலை போய் நிண்டிருக்கலாமே."

இதைச் சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது உண்மைதான். அப்பா படுக்கையில் விழுந்த செய்தி வந்தபோது என் பாஸ்போர்ட் காலாவதியாகி நாலு மாதம். கவனிக்கவில்லை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அன்மெல்டுங், அன்ராக் என்று விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, "அண்ணையிட்டைக் கேளுங்கோ, அண்ணைக்கு எல்லாம் தெரியும்" என்று பெயரெடுத்த நான், என்னுடைய மேசை லாச்சியில் கிடந்த பாஸ்போர்ட் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. அவசரமாக எடுக்க வழி இருக்கிறது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். ஊருக்கே வழி சொன்னவன் தனக்கென்று வந்தபோது பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒரு ரேர்மினை, அதுதான் சந்திப்பு நேரத்தை, பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்தேன். அப்பா தொலைபேசியில், "எப்ப வாறாய்?" என்று கேட்டார். "ரேர்மின் வரட்டும் அப்பா, வாறன்" என்றேன். மூன்றாம் தடவை அவரே, "உன்ரை ரேர்மின் வந்திட்டுதோ?" என்று அந்த ஜெர்மன் சொல்லைப் பிழையில்லாமல் கேட்டார். பஸ் டிப்போவில் முப்பது வருசம் நேரக்காப்பாளராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை நிமிசம் பிந்தி வந்தது என்பதை எழுதிவைப்பதுதான் அவருடைய தொழில். ரேர்மினுக்கு ஐந்து நாள் முந்தி அவர் போய்விட்டார். இறுதிச்சடங்கைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். யாரோ ஒருவருடைய தோள்மூட்டுத்தான் கூடுதலாகத் தெரிந்தது.

ஆகவே இந்தமுறை பிந்தக்கூடாது. நாளும் தப்பக்கூடாது, கடலும் தப்பக்கூடாது. கணினியில் தேடியபோதுதான் ஜெர்மனியின் வடக்கு நுனியில் இருக்கும் அந்தச் சின்னத் தீவு அகப்பட்டது. பெயர் சொல்லமாட்டேன். அங்கே இருப்பவர்கள் நூறு பேருக்குள்தான், இனிப் போனால் எல்லாருக்கும் என்னை அடையாளம் தெரியும். "எங்கள் தீவில் விருந்தினர் செய்யக்கூடியவை" என்று ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். வாசிக்க வாசிக்க எனக்கு வாய் பிளந்தது. ஒன்று, பறவைகளைப் பார்க்கலாம். பார்த்து முடிந்ததும் வேறு பறவைகளைப் பார்க்கலாம். பெரிய பிரம்புக் கூடைக்குள் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கலாம். வெள்ளம் வந்து தீவு முழுவதும் தண்ணீருக்குள் போய், வீடுகள் நிற்கிற மண்மேடுகள் மட்டும் தலைநீட்டிக்கொண்டிருக்கும் படத்தை, காசு கொடுத்து, ஒரு சின்னக் கொட்டகையில் இருந்து பார்க்கலாம். சுனாமி அலைக்குப் பயந்து காணி பூமியை விட்டு ஓடிய சனத்தின் ஊர்க்காரன் நான். வெள்ளத்தைப் படமாக்கிப் பொழுதுபோக்குகிறவர்களைக் கண்டு அதிர்ந்துபோனேன். "கடலின் அடியில் நடக்கலாம்" என்றும் ஒரு வரி இருந்தது. விளம்பரக்காரன் பகிடி விடுகிறான் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். அந்த வரியை ஒழுங்காக வாசித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

தீவில் நான் தங்கிய வீட்டுக்காரியின் பெயர் ஆங்கே. அறுபது வயதிருக்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் அதிகம் பேசமாட்டார்கள். காலையோ மாலையோ "மொயின்" என்று ஒரு சொல், அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அவர் பேசியதை நான் எங்கள் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். அறையைக் காட்டி, சுவரில் ஒட்டியிருந்த ஒரு அட்டவணையை விரலால் தட்டி, "இதை வாசி" என்றார். நேரங்கள் நாலு நாலாகப் போட்டிருந்தன. கப்பல் நேரமாக்கும் என்று தலையாட்டினேன். பின்னேரம் குசினிப் பக்கம் போய், எனக்குத் தெரிந்த ஜெர்மனில் என் அலுவலைத் தொடங்கினேன். முப்பது வருசம் பாண் தொழிற்சாலையில் இயந்திரத்தோடு பேசிப் பழகிய ஜெர்மன் அது. கட்டளைகளுக்கு நல்லது, காரணம் சொல்ல உதவாது.

"நாளைக்கு வெள்ளன நான் கடலுக்குள்ளை போகவேணும்."

"சனிக்கிழமை ஒரு குழு போகுது. அவையோடை போ."

"இல்லை, நாளைக்குத்தான். தனிய."

அவர் உருளைக்கிழங்குத் தோல் சீவுவதை நிறுத்தினார். "தனிய ஒருத்தரும் போறேல்லை."

"நானும் தீவிலையிருந்துதான் வாறன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "காலமைச் சாப்பாடும் வேண்டாம். எனக்கு நாளைக்குச் சாப்பாடு தேவையில்லை."

"ஏன்?"

"அப்பா செத்துப்போனார். நான் பிந்திப்போனன். நாளைக்கு அவரிட்டைப் போகவேணும்."

விரதத்துக்கும் தர்ப்பணத்துக்கும் ஜெர்மன் தெரியாததால் இப்படிச் சுருக்கினேன். நன்றாக விளங்கப்படுத்திவிட்டேன் என்ற திருப்தி எனக்கு. ஆங்கே என்னைக் கனநேரம் பார்த்தார். வடக்கத்தியார் அனுதாபம் காட்டுகிற விதம் இதுவாக்கும் என்று நினைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

விடிந்தால் கடலைக் காணவில்லை. இப்போது நீங்கள் என் இடத்தில் நில்லுங்கள். வேட்டி கட்டியாயிற்று. கையில் எள்ளு, தர்ப்பை, மூன்று தலைமுறைப் பெயர்கள் எழுதிய துண்டு. சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியில் ஐயர் ஓதிப் பதிவுசெய்து தந்த மந்திரம். கடல் மட்டும் வரவில்லை. அமாவாசையன்று கடல் வழமையை விடக் கூடுதலாக வற்றும், பிறகு கூடுதலாகப் பெருகும் என்று எனக்கு யார் சொன்னது? எங்கள் கரையில் கடல் அரைமுழம் ஏறும், அரைமுழம் இறங்கும். அதைப் பெரிதாக யாரும் எடுப்பதில்லை. சந்திரனையும் நாளையும் பார்த்து, மாதத்தில் கடல் ஆகத் தூரம் போகிற காலையை அச்சொட்டாகத் தெரிந்தெடுத்து வந்திருக்கிறேன். காத்திருக்கலாம்தான். ஆனால் ஒரு ரேர்மினுக்குக் காத்திருந்தவன் நான். இனிக் காத்திருக்கப் பயம். தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு தெரிந்தது. கடல் என்னிடம் வராவிட்டால் நான் அதனிடம் போகிறேன் என்று படிக்கட்டில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினேன்.

சேறு முதலில் நன்றாகத்தான் இருந்தது. குளிர்ந்து, கெட்டியாக, சின்னச் சின்ன அலைத்தடங்களோடு. பிறகு கணுக்கால் வரைக்கும் போகிற சுரி. காற்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பாய்மரமாக்கியது. நான் நடக்க நடக்க அந்த வெள்ளிக் கோடும் அதேயளவு தூரத்தில் நின்றது. சின்ன வயதில் இதே நாளில் கீரிமலையில் அப்பா கடலுக்குள் இறங்கமுன் மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் தந்து, "நான் மூண்டு முழுக்கு. நீ நேரத்தைப் பார்" என்பார். ஏன் நேரம் பார்க்கவேண்டும் என்று கேட்டதில்லை. அவர் மூச்சடக்கி உள்ளே இருக்கிற ஒவ்வொரு தடவையும் நான் விநாடி முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மேலே வந்து, தாடியால் தண்ணி வழிய, "எத்தினை?" என்று கேட்பார். அதையெல்லாம் யோசித்துக்கொண்டு நடந்ததில் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வீடுகள் நெருப்புப்பெட்டிகளாகத் தெரிந்தன. அவற்றுக்கும் எனக்கும் நடுவில், வரும்போது நான் தாண்டிய ஒரு சின்ன வாய்க்கால், இப்போது ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

கடல் முன்பக்கத்தால் வரும் என்றுதான் எந்த மனிதனும் எதிர்பார்ப்பான். இந்தக் கடல் கொல்லைப்புறத்தால் வந்தது. சேற்றில் இருக்கிற வாய்க்கால்களுக்குள் சத்தமில்லாமல் ஏறி, என் முதுகுப் பக்கத்தை மூடிவிட்டு, பிறகுதான் முன்னால் மெல்ல எட்டிப்பார்த்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாய்க்காலின் மறுகரையில் மஞ்சள் மழைச்சட்டை ஒன்று, உயரச் சப்பாத்தோடு, கையில் நீளப் பிடி போட்ட தோட்டத்து முள்ளுக்கரண்டியோடு, என்னை நோக்கி ஓடி வந்தது. ஆங்கே.

"சாகப் போறியோ?" என்று கத்தினார்.

ஊரில் சைக்கிளைக் கொஞ்சம் வெட்டி ஓடினாலே கேட்கிற கேள்விதான். நானும் பழக்கதோசத்தில், பயத்தை மறைக்க ஒரு சிரிப்புச் சிரித்து, "இப்ப இல்லை!" என்று திருப்பிக் கத்தினேன்.

அந்தப் பதிலோடு அவர் சப்பாத்தையும் பாராமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். முள்ளுக்கரண்டியால் நிலத்தைக் குத்திக் குத்திப் பார்த்து இக்கரைக்கு வந்து, என் மணிக்கட்டைப் பிடித்தார். நாற்பது வருசமாக மாடு கட்டிய கை அது. இடுப்பளவு தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகையில் வேட்டி காலில் சுற்றி நான் இரண்டு தடவை முழுமையாக உள்ளே போய் வந்தேன். பனிக்கட்டித் தண்ணீர். சட்டைப்பைத் தொலைபேசிக்குள் ஐயர் அந்த இடத்திலேயே மௌனமானார். கரையேறியதும் நன்றி சொல்ல "டாங்க" என்றேன். அவர் என் கையை விடவில்லை. வீடு வந்து, கதிரையில் என்னை இருத்தி, கம்பளியால் சுற்றி, சுடுதேத்தண்ணியை முன்னால் வைத்து, கதவைப் பூட்டித் திறப்பைத் தன் பைக்குள் போட்டார். அதன்பிறகுதான், விருந்தினர் படிவத்தில் இருந்த இலக்கத்தைப் பார்த்துச் சுகந்திக்கு அழைத்தார். அறைக்கு வெளியே போய்ப் பேசினார். சுவருக்கு அப்பாலிருந்து அவருடைய குரல் கேட்டது. முதல்நாள் முழுவதும் கேட்டதை விடக் கூடுதலான சொற்கள். பிறகு வந்து தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"இஞ்சருங்கோ" என்றாள் சுகந்தி. குரல் உடைந்திருந்தது. "உங்களுக்கென்ன விசரோ? என்ன சொல்லி வைச்சிருக்கிறியள் அந்த மனுசிக்கு?"

"தர்ப்பணம் எண்டு சொன்னனான்."

"தர்ப்பணமோ! சாப்பாடு இனித் தேவையில்லை, கடலுக்குள்ளை தனியப் போறன், அப்பாவிட்டைப் போறன் எண்டெல்லோ சொல்லியிருக்கிறியள். அவ ராத்திரி முழுக்கக் கண்மூடேல்லையாம். விடிய உங்கடை செருப்பைப் படியிலை கண்டிட்டு ஓடி வந்தவவாம். அதே அறையிலை முந்தி ஒருத்தர் வந்து தங்கி, இப்பிடித்தான் செருப்பைக் கழட்டி வைச்சிட்டுப் போனவராம். அவரைக் கூட்டிவர இவவாலை ஏலாமல் போச்சுதாம். என்னோடை கதைக்கேக்கை அழுதவ, தெரியுமோ?"

நகைச்சுவையாகப் பேசுகிறவன் என்று இருபது வருசமாக எங்கள் ஊர் ஒன்றியக் கூட்டங்களில் மேடையேற்றப்படுகிறவன் நான். ஒரு மனுசியின் ஒரு முழு இரவை அப்படி நடுங்கவைத்துவிட்டு, நடுத்தண்ணியில் நின்று பகிடியும் விட்டிருக்கிறேன். அதைவிட ஒன்று உறைத்தது. அப்பாவுக்கு முடியாமல் இருந்தபோது நான் ரேர்மினுக்காகக் காத்திருந்தேன். முன்பின் தெரியாத எனக்காக இந்த மனுசி ஒரு நிமிசமும் காத்திருக்கவில்லை.

சுகந்தியின் ஜெர்மன் என்னுடையதை விட நல்லது. முதியோர் இல்லத்தில் வேலை, காரணம் சொல்லப் பழகியவள். ஆடி அமாவாசை என்றால் என்ன, எள்ளு எதற்கு, விரதம் எதற்கு என்று ஆங்கேக்கு விளங்கப்படுத்தினாள். ஆங்கே கேட்டுக்கொண்டே நின்றார். முடிந்ததும் சுவரில் இருந்த அதே அட்டவணையைக் கழற்றி வந்து மேசையில் வைத்து, ஒரு நேரத்தின் கீழ் நகத்தால் கோடு போட்டார். பன்னிரண்டு நாற்பது.

"உன்ரை கடல் அப்ப வாசலுக்கு வரும்" என்றார். "ஏன் நடந்தனீ?"

வந்தது. காலையில் காணாமற்போனது வேறு ஏதோ ஒன்று என்பதுபோல, ஊதாப்பூப் பூத்த புல்வெளியின் விளிம்பு வரைக்கும், கற்களை மூடி, படிக்கட்டின் மூன்றாம் படியைத் தொட்டுக்கொண்டு வந்து நின்றது. அந்தப் படியில் இருந்துதான் முழுகினேன். ஆங்கே பத்தடி தள்ளி முள்ளுக்கரண்டியோடு நின்றார். விளங்கிக்கொண்டது வேறு, என்னை நம்புவது வேறு. மந்திரம் இல்லை. பெயரெழுதிய துண்டும் ஊறிக் கரைந்துவிட்டது. அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவருடைய அப்பாவின் பெயரைச் சொன்னேன். மூன்றாம் பெயர் வரவேயில்லை. "அவரின்ரை அப்பா" என்று சொல்லி எள்ளையும் தண்ணியையும் விட்டேன். அதற்குமேல் சொல்ல இருந்ததைத் தமிழில் சத்தமாகவே சொன்னேன். பிந்திப்போனன் அப்பா என்றேன். புத்தகத்தைப் பார்க்காமல் விட்டது நான்தான் என்றேன். காற்று பலமாக இருந்தது எனக்கு நல்லது. ஐம்பத்தாறு வயது ஆம்பிளை அழுகிறது பத்தடிக்கு அப்பால் கேட்காது.

ரைஸ்குக்கர் இல்லாமல் நாங்கள் எங்கும் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆங்கேயின் குசினியில் சோறு காய்ச்சி, பருப்பும் பாவற்காய்க் கறியும் வைத்தேன். ஊரில் அன்றைக்குக் கைப்பான காத்தோட்டிக்காய் சமைப்பார்கள், கொலோன் தமிழ்க் கடையில் அதற்கு எங்கே போவது? கைப்புக்குக் கைப்பு. ஒரு கடதாசித் தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போய்க் காகத்தைத் தேடினேன். அந்தத் தீவில் காகம் இல்லை. மரமே இல்லை, காகம் எங்கே இருக்கும்? மதில் நுனியில் ஒரு கடற்புறா நின்றது. மொத்தமான, மஞ்சள் சொண்டு, குளிர்ந்த கண். தட்டை வைத்து நான் கை எடுக்கமுன் வந்து குந்தி, கறி கைக்குதா இனிக்குதா என்று பாராமல் விழுங்கத் தொடங்கியது.

ஆங்கே வெளியே வந்தார். தட்டைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், கதவில் இருந்த பலகையை எனக்குக் காட்டினார். கடற்புறாவுக்கு உணவு கொடுப்பது தடை, சிவப்பு எழுத்தில், கீழே படமும் போட்டு. ஜெர்மனியில் பலகையோடு வாதாடிப் பிழைத்தவன் இல்லை. குனிந்து தட்டை எடுக்கப் போனேன். கை போகவில்லை. அப்பா ஒருதடவை இங்கே வந்து எங்களைப் பார்க்க ஆசைப்பட்டார். விசா கிடைக்கவில்லை. "அங்கை குளிர், நான் வந்து என்ன செய்ய?" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இப்போது ஒரு கடிதமும் இல்லாமல், ஒரு முத்திரையும் இல்லாமல், இந்த நாட்டின் கடைசி மதிலில் இரண்டு காலையும் ஊன்றி நின்று சோறு தின்கிறார். இதை எந்த ஜெர்மனில் சொல்வது? இருக்கிற சொற்களைக் கூட்டிச் சொன்னேன்.

"இது பறவை இல்லை, ஆங்கே. இது என்ரை அப்பா. இண்டைக்கு மட்டும் சாப்பிட வருவார்."

அவர் முள்ளுக்கரண்டியை மதிலில் சாத்தினார். அந்தப் பறவை வெறுந்தட்டைக் கொத்துவதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இன்னும் கொஞ்சம் வை."